ஊட்டி உயரத்திலிருந்து கடல்வரை... ரீயூனியன் தீவில் பிரேக் பிடித்துக்கொண்டே ஒரு விடுமுறை!

விடியற்காலை ஐந்து மணி. ரீயூனியன் தீவின் மேற்குக் கடற்கரை இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது. கடலோரத் தெருவில் ஒரு வேன் நிற்கிறது. அதன் பின்னால் டிரெய்லர், டிரெய்லரில் வரிசையாகக் கட்டி நிறுத்தப்பட்ட சைக்கிள்கள். அரைக்கால் சட்டையும் பனியனுமாக வந்து நிற்பவர்களைப் பார்த்தாலே, முதல் முறை வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து மலையுச்சியில் இறங்கும்போது இவர்களுக்குத்தான் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே அதிகாலை வெப்பநிலை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விடுவதுண்டு. கீழே கடற்கரையில் அதே நேரத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு அதிகாலையில் கிளம்ப வேண்டுமா என்று கேட்டால், ஆமாம். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மேகம் மலையை மூடிவிடும். அதன் பிறகு போனால் முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரம்தான் தெரியும்.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீஷியஸுக்குச் சுமார் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது ரீயூனியன். 1946 முதல் பிரான்ஸ் நாட்டின் ஒரு மாவட்டம். செலாவணி யூரோ. பரப்பளவு 2,512 சதுர கி.மீ., ஏறக்குறைய நம் நீலகிரி மாவட்டம் அளவுதான். ஆனால், அந்தச் சின்ன இடத்துக்குள் 3,000 மீட்டரைத் தாண்டும் பித்தோன் தே நேஜ் என்ற சிகரம் நிற்கிறது. தொட்டபெட்டாவின் உயரத்துக்கு ஐந்தே ஐந்து மீட்டர் குறைவாக, அடிக்கடி நெருப்பைக் கக்கும் எரிமலை ஒன்றும் இருக்கிறது. அதன் பெயர் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், உயரம் 2,632 மீட்டர்.

வேன் போய் நிற்கும் இடத்தின் பெயர் மைடோ. உயரம் சுமார் 2,200 மீட்டர், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். பறவை பறக்கும் கணக்கில் மைடோவுக்கும் கடலுக்கும் இடையே 15 கி.மீ. சொச்சம்தான். ஊட்டி பஸ் ஸ்டாண்டுக்கும் கடற்கரைக்கும் நடுவே அவ்வளவுதான் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிவு முழுவதையும் சைக்கிளில் இறங்குவதுதான் இந்த விடுமுறை. மெகாவலான்ச் என்ற பெயரில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் கிளம்பி, மலையிலிருந்து கடலை நோக்கிப் பாயும் போட்டியும் இங்கே நடப்பதுண்டு. மற்ற நாள்களில் போட்டி, பரிசு எதுவும் கிடையாது. மெதுவாக இறங்குபவர்களுக்கு அதுதான் வசதி. இந்தச் சரிவில் நின்று பார்க்க வேண்டியவை நிறைய.

சாலை இல்லாத ஊர்

சைக்கிளில் ஏறுவதற்கு முன் எல்லோரும் போய் நிற்பது எதிர்ப்பக்கம் இருக்கும் விளிம்பில். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் தரை இல்லை. ஆயிரம் மீட்டர் அளவுக்குச் செங்குத்தாக இறங்கும் பள்ளம். உள்ளே கத்தி முனைபோல மலைமுகடுகள், அவற்றின் நடுவே ஆங்காங்கே கைக்குட்டை விரித்ததுபோல் சமதளத் துண்டுகள், அதில் சில வீடுகள். இதுதான் மஃபாத்.

பழைய எரிமலை இடிந்தும் மழையில் அரிக்கப்பட்டும் உண்டான மூன்று பெரும் பள்ளங்கள் தீவின் நடுவே இருக்கின்றன. சலாஸி, சிலாவோஸ் இரண்டுக்கும் சாலை உண்டு. மஃபாத்துக்கு இன்றுவரை கிடையாது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. மளிகைச் சாமான், கட்டுமானப் பொருள், கேஸ் சிலிண்டர் எல்லாம் ஹெலிகாப்டரில் வருகின்றன, இல்லையென்றால் தோளில். இவ்ரின் போஸே என்ற தபால்காரர் 1951 முதல் சுமார் 40 ஆண்டுகள் இந்தப் பள்ளத்துக்குள் நடந்தே கடிதம் கொண்டு போயிருக்கிறார். இன்றும் தீவில் மரியாதையோடு சொல்லப்படும் பெயர் அது.

இப்படியோர் இடத்தில் போய் யார் குடியிருப்பார்கள்? பிரெஞ்சுக்காரர்களின் தோட்டங்களில் வேலை செய்ய மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகளில், தப்பியோடியவர்கள் ஒளிந்துகொண்ட இடம் இது. மஃபாத் என்பதே அப்படித் தப்பி வந்த ஒரு தலைவனின் பெயர் என்கிறார்கள். பின்னாலேயே கூலிக்கு ஆள் வேட்டையாடுபவர்கள் துப்பாக்கியோடு வந்தார்கள். எட்ட முடியாத இடமாக இருந்ததுதான் அன்று இந்தப் பள்ளத்தின் ஒரே நல்ல குணம். இன்று அதே காரணத்துக்காகத்தான் சுற்றுலாக்காரர்கள் தேடி வருகிறார்கள்.

சைக்கிளோடு வந்தவர்களுக்கு மஃபாத் வெறும் காட்சிதான். உள்ளே போக வேண்டுமென்றால், ஒரு நாள் ஒதுக்கி சைக்கிளை விட்டுவிட்டு நடந்து இறங்க வேண்டும். லா நூவெல், மார்லா போன்ற குடியிருப்புகளில் தங்கிச் சாப்பிட எளிய விடுதிகள் இருக்கின்றன.

இரண்டு விரல்களை நம்பி

இனி இறக்கம். கேட்பதற்கு சுலபமாக இருக்கும். மிதிக்கவே வேண்டாமே, தானாகவே உருளுமே என்று தோன்றும். முதல் பத்து நிமிடங்களிலேயே அந்த எண்ணம் போய்விடும்.

மண் பாதை அல்ல இது. எரிமலைக் குழம்பு இறுகிக் கறுத்த பாறை, படிக்கட்டு மாதிரியும் பல்வரிசை மாதிரியும் நீட்டிக்கொண்டு நிற்கும். சீட்டை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, அதில் உட்காராமல், இரண்டு பெடலிலும் சம உயரத்தில் நின்றுகொண்டு, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி இறங்க வேண்டும். ஒவ்வொரு கையிலும் ஆள்காட்டி விரல் மட்டும் பிரேக்கில். மற்ற விரல்கள் ஹேண்டில்பாரை விட்டு விலகக் கூடாது. கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அது போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். எந்தப் பாறையை மோதிவிடுவோமோ என்று உற்றுப் பார்க்கிறோமோ, சைக்கிள் நேராக அதை நோக்கித்தான் போகும். டூ வீலர் பழகியவர்களுக்கு இது புரியும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, பயத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருவது. இரண்டாயிரம் மீட்டர் இறக்கத்தில் அப்படி வந்தால் டிஸ்க் பழுக்கக் காய்ந்துவிடும், பிரேக் பிடிப்பு குறையும். விரலும் முன்னங்கையும் விறைத்து, உண்மையிலேயே பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்க முடியாமல் போகும். திருப்பத்துக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பத்தில் விட்டுவிட வேண்டும். அதனால்தான் வழிகாட்டிகள் அடிக்கடி நிறுத்துகிறார்கள். இயற்கையை ரசிக்க என்று சொல்வார்கள். பாதி காரணம், டிஸ்க் ஆறட்டும் என்பது.

முழு முகத்தையும் மூடும் ஹெல்மெட், முழங்கால் கவசம், கையுறை இல்லாமல் ஏறவே கூடாது. கறுத்த பாறையில் விழுந்தால் உப்புத்தாளில் தேய்த்த மாதிரி தோல் போய்விடும். கையோ காலோ உடைந்தால், சாலையே இல்லாத சரிவில் மீட்புக் குழு ஹெலிகாப்டரில்தான் வர வேண்டியிருக்கும். மேகம் மூடிவிட்டால் ஹெலிகாப்டருக்கும் சிரமம். காப்பீடு எடுத்திருக்கிறோமா, அதில் மலைச் சைக்கிளும் சேருமா என்று ஊரிலேயே ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும்.

எரிந்த பூமி

மைடோ என்ற மலகாசி மொழிச் சொல்லுக்கு ‘எரிந்த நிலம்’ என்று பொருள் சொல்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் எந்தத் தீயைப் பார்த்து வைத்தார்களோ, அது இன்னும் நிற்கவில்லை. 2010 அக்டோபரில் இங்கே பெரும் காட்டுத்தீ. இந்தத் தீவின் சிகரங்களும் பள்ளங்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்து சில மாதங்கள்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த ஆண்டு அதே மாதம் மறுபடியும் தீ. இந்த முறை 2,500 ஹெக்டேருக்கும் மேல் போனது. பிரான்சிலிருந்து தண்ணீர் கொட்டும் விமானத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. 2020-லும் ஒரு முறை எரிந்தது.

எரிந்தவற்றில் ஒரு பகுதி, உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஓர் அக்கேசியா மரத்தின் காடு. உள்ளூரில் அதற்குப் பெயர் தமரேன். நம்மூர்ப் புளியமரத்தின் பிரெஞ்சுப் பெயர்தான் இது, ஆனால் புளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காற்றில் சாய்ந்து, தரையில் படுத்து, படுத்த இடத்திலிருந்தே மறுபடி எழுந்து வளரும் மரம். அதன் நடுவே வளைந்து வளைந்து இறங்குவதுதான் மொத்தப் பயணத்திலும் மிக இதமான பகுதி. கீழே உதிர்ந்த இலை மெத்தை, பாறைகள் குறைவு, சக்கரத்தின் சத்தமே கேட்காது. சில இடங்களில் சாம்பல் நிற மொட்டைத் தண்டுகளும், அவற்றின் காலடியில் புதுக் கன்றுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இடையிடையே மஞ்சள் பூப் பூத்த முட்புதர், ஐரோப்பாவிலிருந்து வந்து பரவிய கோர்ஸ். நீலகிரியிலும் இது ஒரு தொல்லைதான். நன்றாகப் பற்றி எரியும், எரிந்த இடத்தில் மற்ற செடிகளுக்கு முன்னால் முளைத்துவிடும்.

குறிக்கப்பட்ட தடத்தை விட்டு விலகிக் குறுக்கு வழியில் சைக்கிள் ஓட்டுவது இங்கே ஏன் அவ்வளவு கண்டிப்போடு பார்க்கப்படுகிறது என்பது இந்த இடத்தில் புரிந்துவிடும். சக்கரம் கீறிவிட்ட கோட்டில் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், அதில் முளைத்த கன்று போய்விடும். 2007-ல் அமைந்த தேசியப் பூங்கா தீவின் நாற்பது சதவிகிதத்துக்கும் மேல் பரவியிருக்கிறது. எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்பதை அன்றன்று கேட்டுக்கொள்வதே நல்லது. மழைக்குப் பின் மண் சரிந்தோ, தீ அபாயத்தாலோ பாதைகளை மூடிவிடுவார்கள்.

மரங்களைத் தாண்டி இறங்கினால் பெத்தித் ஃபிரான்ஸ். மூக்குக்கு முதலில் தெரியும் ஊர். ஜெரேனியம் இலையைச் செப்புக் கொப்பரையில் போட்டு, ஆவியாக்கி எண்ணெய் எடுக்கிறார்கள். ரோஜா வாசமும் எலுமிச்சை வாசமும் கலந்த மாதிரி இருக்கும். ஒரு காலத்தில் உலகின் வாசனைத் திரவியத் தொழிலுக்கு இந்தத் தீவின் ஜெரேனியம் எண்ணெய் பேர்போனது. இன்று மிச்சம் இருப்பது சில கொப்பரைகளும், சின்னச் சின்ன பாட்டில்களில் அதை விற்கும் கடைகளும்தான். 19-ம் நூற்றாண்டில் கடற்கரை நிலத்தையெல்லாம் பெரிய கரும்பு முதலாளிகள் வளைத்துக்கொண்டபோது, நிலமில்லாத ஏழை வெள்ளைக்காரர்கள் மேடேறி வந்து குடியேறிய பகுதி இது. தங்கைக்கோ அம்மாவுக்கோ ஏதாவது வாங்க வேண்டுமென்றால் இங்கே வாங்கிக்கொள்ளலாம், பையில் கனமும் இருக்காது.

கரும்புக்குள் ராமசாமி

இன்னும் இறங்கினால், இருபுறமும் ஆளுயரக் கரும்பு. காற்று சூடாகிவிடும். மேலே போட்டுக்கொண்டு வந்த ஜாக்கெட் இடுப்புக்கு வரும். ஜூலை முதல் டிசம்பர் வரை வெட்டுக் காலம். சுமை ஏற்றிய டிராக்டர்கள் தோட்டத்துச் சாலைகளில் திடீர் திடீரென்று குறுக்கே வரும், பிரேக்கில் விரல் இருக்கட்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். கடைப் பலகை, தபால் பெட்டி, டாக்டர் வீட்டு வாசல் எங்கு பார்த்தாலும் பிரெஞ்சு எழுத்தில் தெரிந்த பெயர்கள். ராமசாமி, முத்துசாமி, வீரப்பன், வையாபுரி, மீனாட்சி. கடைசியாகச் சொன்னது ஆண்களுக்கும் குடும்பப் பெயராக இருக்கும்.

1848 டிசம்பர் 20 அன்று இந்தத் தீவில் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே என்று முதலாளிகள் பார்த்த திசை, புதுச்சேரி, காரைக்கால். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று சொல்லிக் கப்பலேற்றினார்கள். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் உடன்படிக்கை போட்ட பிறகு சென்னை வழியாகவும் ஆட்கள் போனார்கள். அங்கே நடத்தப்பட்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்து, 1882-ல் பிரிட்டிஷ் அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அதற்குள் போனவர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. இன்று அவர்களின் பேரன், கொள்ளுப்பேரன்களைத் தீவில் ‘மல்பார்’ என்கிறார்கள். பிரான்ஸ் இன வாரியாகக் கணக்கெடுப்பதில்லை. மக்கள்தொகையில் கால்வாசி இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

தமிழில் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் புன்னகைதான் பதில். வீட்டு மொழி கிரியோல் ஆகிவிட்டது. ஆனால், கோயிலில் தமிழ் இருக்கிறது. பாஞ்சாலி அங்கே ‘பாந்தியாலே’ ஆகி, அவளுக்குத் தீமிதி நடக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடி போகிறது. சாப்பாட்டில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. குழம்புக்குப் பெயர் ‘காரி’. தொட்டுக்கொள்ளும் காரத்துக்குப் பெயர் ‘ருகாய்’, ஊறுகாயிலிருந்து வந்தது என்கிறார்கள். கீரையில் ஒன்று ‘முரூங்க்’. என்ன கீரை என்று யாரும் விளக்கத் தேவையில்லை!

கரும்புத் தோட்டங்களைத் தாண்டும்போது சாலையோரத்தில் பளீர் சிவப்பில் குட்டிக் குட்டிக் கோயில்கள் எதிர்ப்படும். நம்மவர்கள் கட்டியது என்று நினைத்து நிறுத்தினால், உள்ளே ரோமானியப் படைவீரன் உடையில் ஒரு புனிதர் சிலை. பெயர் சேன் எக்ஸ்பெடி. வேண்டியதை உடனடியாக முடித்துக் கொடுப்பவர் என்று நம்பிக்கை. கத்தோலிக்கர், மல்பார் எல்லோரும் வருகிறார்கள். இன்னும் 300 மீட்டர் இறக்கம் பாக்கியிருக்கும்போது, கை விட்டுப்போன சைக்கிள்காரர் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

எல்லோராலும் முடியுமா?

முடியாது. பாறைப் பாதை, ஏற்கெனவே மலைச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கானது. தெருவில் மட்டுமே ஓட்டிய குடும்பத்தினர் அகலமான காட்டுப் பாதையிலும் தார்ச் சாலையிலும் இறங்கலாம்; காட்சியில் குறை ஒன்றும் இல்லை, கார்கள் வரும் என்பதுதான் ஒரே எச்சரிக்கை. ஒரு நாள் மைடோவுக்குப் போதும். இன்னொரு நாளைத் தென்கிழக்குக் கடலோரச் சாலைக்குக் கொடுக்கலாம். எரிமலைக் குழம்பு சாலையைத் தாண்டிக் கடலுக்குள் போன கறுப்புச் சரிவுகளின் நடுவே அங்கே சைக்கிள் போகும். 1977-ல் குழம்பு வாசல்வரை வந்தும் உள்ளே அழியாமல் தப்பிய சர்ச் ஒன்று சேன்த் ரோஸ் பக்கத்தில் இருக்கிறது.

மே முதல் நவம்பர் வரை போகலாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம். இந்தத் தீவின் புயல் மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில் 24 மணி நேரத்தில் பெய்தது 1,825 மில்லிமீட்டர், இன்றும் உலக சாதனை. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,400 மில்லிமீட்டர்தான். சென்னையிலிருந்து மொரீஷியஸ் போய், அங்கிருந்து முக்கால் மணி நேர விமானம் பிடிப்பது ஒரு வழி. ரீயூனியன் பிரான்ஸ்தான் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. கையில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று கிளம்பிவிடாமல், விசா விதியைத் தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பகலுக்குள் கடல் வந்துவிடும். உடம்பெல்லாம் புழுதி, வியர்வை. எதிரே நீலக் கடல். அப்படியே ஓடிப் போய்க் குதிக்கத் தோன்றும். குதிக்கக் கூடாது! 2011 முதல் இந்த மேற்குக் கரையில் சுறா தாக்குதல்கள் அடுத்தடுத்து நடந்து உயிர்கள் போயின. 2013-ல் அரசு, பவளப்பாறை அரணுக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற நீரிலும், பாதுகாப்பு ஏற்பாடு உள்ள இடங்களிலும் தவிர மற்ற எங்கும் குளிக்கத் தடை போட்டது. அலைச்சறுக்குக்குப் பேர்போன கரையில், கடலைப் பார்த்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. எர்மிதாஜ் பக்கம் பவளப்பாறைக்கு உள்ளே, இடுப்பளவுத் தண்ணீரில் தாராளமாகக் கிடக்கலாம்.

அதற்கு முன், கடலோரத் தள்ளுவண்டியில் ‘போன்போன் பிமான்’ கேட்டு வாங்குகிறார்கள். பருப்பை அரைத்து, பச்சைமிளகாய் போட்டு எண்ணெயில் பொரித்தது. பெயர்தான் பிரெஞ்சு, கடித்தால் வடை. ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது மட்டும்தான் வித்தியாசம்.

வேன்காரர் சைக்கிள்களை மறுபடி டிரெய்லரில் ஏற்றுகிறார். ஒவ்வொன்றின் பிரேக் கட்டையையும் குனிந்து பார்த்து, தேய்ந்துபோனதைக் கழற்றி டப்பாவில் போடுகிறார். திரும்பிப் பார்த்தால் மைடோ இல்லை. பாதி மலைக்கு மேல் வெறும் வெள்ளை மேகம்.